ஒரு மேட்டடார் வேனும் முப்பதாண்டு டீசலும்

சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தை வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அதனருகே மணலிலிருந்து வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலையும் இன்னொருமுறை நிதானமாகப் பார்க்க எண்ணியிருந்தோம். செங்கல்பட்டிலிருந்து விடியலில் புறப்பட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஒழுங்காக வந்த எங்கள் பழைய மேட்டடார் வேன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவனேரியை நெருங்கும்போது இரண்டுமுறை குலுங்கியது. பிறகு நின்றேவிட்டது.

வண்டியை ஓட்டிவந்த அண்ணன் அறுபது வயதைக் கடந்தவர். டீசல் எஞ்சின்களோடு நாற்பதாண்டுப் பழக்கம் உடையவர். பதற்றமேதுமின்றி இறங்கி, டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, எங்களுடைய கண்ணாடித் தம்ளர் ஒன்றில் பிடித்தார். வெயிலுக்கு எதிரே தூக்கிக் காட்டினார். மேலே பொன்னிறத்தில் டீசல். அதன் கீழே நிறமற்ற தண்ணீர். அடியில் துருத்தூளும் கரும்பாசி போன்ற கொழகொழப்பும்.

"தண்ணி வந்திருக்கு சார். டேங்க்லயே இருக்கு. வண்டிய ரொம்ப நாள் நிறுத்தி வச்சீங்களா?"

நிறுத்தித்தான் வைத்திருந்தோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தை பிறக்கும்வரை வண்டி திறந்த வெளியில், கால்பங்கு டீசலோடு கிடந்தது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததையும் எவரும் கவனிக்கவில்லை. பிழை முழுக்க எங்களுடையது.

அவ்வழியே வந்த ஒருவர் எங்களுக்கு உதவினார். மீனவக் குப்பத்தில் ஃபைபர் படகுகளின் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர். வேனின் டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் நிரம்பிய கேனில் ஒரு குழாயை இட்டு நேரே பம்புக்குக் கொடுத்தார். டீசல் ஃபில்டரையும் மாற்றினார். பிறகு கைப்பம்பை அழுத்தி, ஃபில்டர் தலையிலுள்ள காற்றுத்திருகைத் திறந்து நுரை வெளியேறும்வரை காத்திருந்தார். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை மூடி, நாசில்களுக்குச் செல்லும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். டீசலில் நீர் கலந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்களைப்போல் நிலத்தில் ஓட்டுகிறவர்கள் அறிந்திருப்பதில்லை. நிலத்தில் எஞ்சின் நின்றால் சாலையோரம் இருக்கிறது; கடலில் அது கிடையாது.

வண்டி ஓடியது. மண்டபத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது.

ஊர் திரும்பியபின் எங்கள் குழுவில் விவாதம் எழுந்தது. பதினைந்தாண்டைக் கடந்த வண்டி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சோதனையில் தேற வேண்டும். அடுத்த புதுப்பிப்புக்குச் சில திங்களே இருந்தன. விற்றுவிடலாம், எடைக்குத்தான் போகும் என்றார் ஒருவர். இன்னொருவர் மின்சார எரிபொருள் பம்ப், வெளிநாட்டு ஃபில்டர், நாசில் சுத்தம் செய்யும் திரவம் என்று நீண்டதொரு பட்டியலோடு வந்தார். எதையும் முடிவு செய்யுமுன் எங்கள் வழக்கப்படி வரலாற்றைத் தேடினோம். திருப்பணி என்ற பெயரில் பழங்கோயில்களில் மணல் வீச்சு நடத்தியதன் விளைவைக் கண்டவர்கள் நாங்கள். ஒரு பொருள் எப்படி உருவாயிற்று என்று தெரியாதவர், அதில் எதை மாற்றலாம் எதைத் தொடக்கூடாது என்று சொல்லத் தகுதியற்றவர் என்பது எங்கள் கட்சி.

ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினுக்கான காப்புரிமையை விண்ணப்பித்தது 1892 இல். ஆக்ஸ்பர்க் நகரில் அது செவ்வனே இயங்கிக் காட்டியது 1897 இல். அந்த எஞ்சின் வீட்டளவு பெரியது. எரிபொருளை உருளைக்குள் தெளிக்கத் தனியாக ஒரு காற்றழுத்தப் பொறி அதற்குத் தேவைப்பட்டது. கப்பலுக்கும் ஆலைக்கும் பொருந்திய இந்த ஏற்பாட்டைச் சாலை வண்டியில் சுமக்க முடியாது. ஆகவே டீசல் வேனின் உண்மையான பிறப்பை எஞ்சினில் தேடுவதைவிட, எரிபொருளைத் திரவமாகவே அளந்து அழுத்திச் செலுத்தும் சிறிய பம்பில் தேடுவதே பொருந்தும். ராபர்ட் போஷின் நிறுவனம் அத்தகைய பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது 1927 இல். 1936 இல் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி என்னும் டீசல் கார் வந்தது. பம்ப் சிறுத்த பிறகே வண்டி சிறுத்தது.

அந்தப் பம்ப் செய்யும் வேலையைச் சற்று எண்ணிப்பாருங்கள். எங்கள் வேன் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு உருளைக்கும் நொடிக்கு 25 முறை எரிபொருள் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் போவது ஒரு துளிக்கும் குறைவு. நான்கு உருளைக்கும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், நேரமும் தவறக்கூடாது. நாசில் திறக்கும் அழுத்தமோ சுமார் 115 பார், அதாவது கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் ஐம்பது மடங்கு. இதைச் செய்வதற்கு உள்ளே இருப்பது ஓர் எஃகு உலக்கையும் அது ஏறியிறங்கும் எஃகுக் குழலுமே. 'எலிமெண்ட்' என்பார்கள். இரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், அதில் ஒரு துருத்தூள் புகுந்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் இந்த நுண்தொழில் வேர்விட்டது 1951 இல். அவ்வாண்டு போஷின் கூட்டோடு பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி தொடங்கப்பெற்றது. 'மைக்கோ' என்றால்தான் நம் மெக்கானிக்குகளுக்குத் தெரியும். 2008 இல் அந்நிறுவனத்தின் பெயர் போஷ் லிமிடெட் என மாறிவிட்டது. ஆயினும் செங்கல்பட்டுக் கடைகளில் இன்றும் 'மைக்கோ பம்ப்' என்றே கேட்கிறார்கள். அமெரிக்கரான வெர்னன் ரூசாவின் கண்டுபிடிப்பை ஒட்டி இங்கிலாந்தின் சி.ஏ.வி. நிறுவனம் 1950களில் உருவாக்கிய சுழல்வகைப் பம்ப் இன்னொரு கிளை. அக்கிளையின் தமிழ்நாட்டு வாரிசு, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பெரும்புதூர் வட்டாரத்து மண்ணூரில், டெல்ஃபி-டி.வி.எஸ். என்ற பெயரில் வளர்ந்தது.

வேனைப் பொறுத்தவரை இம்மாவட்டத்துக்கென்றே ஒன்று இருந்தது என்பது இன்றைய தலைமுறை அறியாத செய்தி. வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், ஹெரால்டு, கெசல் கார்களோடு 'ஸ்டாண்டர்டு 20' என்னும் வேனையும் செய்தது. இங்கிலாந்தில் 'அட்லஸ்' என்று தொடங்கிப் பின்னர் 'லேலண்ட் 20' எனப் பெயர் மாறிய வண்டி அது. அங்கே டீசல் எஞ்சினோடும் விற்கப்பட்டது. அங்கு உற்பத்தி நின்றபின் அதன் அச்சுகளும் கருவிகளும் கடல் கடந்து இங்கே வந்தன. 1970களின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்றுபோனபோது அந்த ஆலையை வாழவைத்தது இந்த வேன்தான். 1985 இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் சொகுசுக் காரை வெளியிட்டார்கள். புதிய உடலுக்குள் பழைய வேன்கார்டு எஞ்சினின் வழித்தோன்றல். அது ஓடவில்லை, 1988 இல் ஆலையே மூடப்பட்டது. இலக்கிய வாசகர்களுக்கு ஓர் இடைச்செருகல்: பொன்னியின் செல்வனை ஆங்கிலத்தில் ஐந்து தொகுதிகளாக மொழிபெயர்த்த சி. வி. கார்த்திக் நாராயணன் இந்த ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தவர்.

எங்கள் வேனோ புனேயில் பிறந்தது. ஜெர்மனியின் டெம்போ நிறுவனத்தோடு இணைந்து 1958 இல் பிரோதியா குடும்பத்தார் தொடங்கிய பஜாஜ் டெம்போ, 1969 முதல் 2000 வரை மேட்டடாரைச் செய்தது. நிறுவனத்தின் பெயர் 2005 இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆயிற்று. 'டெம்போ' என்ற நிறுவனப் பெயர் தமிழில் சிறு சரக்கு வண்டிக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது, சொல்லாராய்ச்சியாளர் கவனிக்க வேண்டிய ஒன்று. பிற்கால மேட்டடார்களில் மெர்சிடிஸ்-பென்ஸின் 2.4 லிட்டர் ஓ.எம்.616 எஞ்சின் பொருத்தப்பட்டது. எங்கள் வண்டி அவ்வகை. பம்ப் இன்லைன் வகை.

இந்த வகைபாடு வெறும் நுணுக்கமன்று. இன்லைன் பம்பின் கேம் ஷாஃப்ட் எஞ்சின் ஆயிலில் ஓடுகிறது. சுழல்வகைப் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. அதன் உள்ளுறுப்புகள் அனைத்துக்கும் டீசலே மசகு. ஆகவே டீசல் மாறினால் இரண்டும் ஒரேமாதிரி பாதிக்கப்படுவதில்லை.

டீசல் மாறியிருக்கிறது. பங்கில் விலைப்பலகையை மட்டும் பார்த்துப் பழகிய நாம் இதை உணர்வதில்லை. 1990களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் கந்தகம் ஒரு விழுக்காடு வரை இருக்கலாம். அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. 2000 இல் நாடு முழுவதும் அது 2,500 ஆகக் குறைந்தது. 2005 இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு 350 என வரையறுத்தனர். 2010 இல் சென்னைக்கு 50. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் 10. எங்கள் வேன் பிறந்தபோது குடித்ததும் இன்று குடிப்பதும் பெயரளவில் ஒன்று, அவ்வளவே.

கந்தகம் குறைந்தது நல்லதே. நம் நுரையீரலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும். ஆனால் கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் கொண்டு சுத்திகரிக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பைத் தரும் வேறு சில சேர்மங்களும் போய்விடுகின்றன. சுவீடனில் 1990களின் தொடக்கத்தில் கந்தகம் குறைந்த டீசலைக் கொண்டுவந்தபோது பம்புகள் தேய்ந்து பழுதாயின. கலிபோர்னியாவில் 1993 இல் புதிய டீசல் வந்ததும் பழைய வண்டிகளின் பம்புகளில் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசிந்தன. அந்த அனுபவங்களுக்குப் பிறகே வழவழப்புக்கு ஒரு வரம்பு வைத்து, அதற்கான சேர்மானத்தைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே கலக்கும் வழக்கம் வந்தது. இந்தியத் தரத்திலும் அவ்வரம்பு உண்டு: சோதனைக் குண்டில் விழும் தேய்வுத் தழும்பு 460 மைக்ரானுக்கு மேற்படக்கூடாது. ஆதலால் டேங்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றும் சிலரது வழக்கம், எங்களைப்போல் இன்லைன் பம்ப் வைத்திருப்போருக்கு வீண்செலவென்றே கருதுகிறோம். ரப்பர் வளையங்களின் கதை வேறு. அவை முப்பது வயதைத் தாண்டியவை; அவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

கடற்கரைக்கென்று தனியான தொல்லை ஒன்றுண்டு. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதை அங்குள்ள சன்னல் கம்பிகள் சொல்லும். பாதி காலியான டேங்கில் பகலில் ஈரக்காற்று புகுகிறது. இரவுக் குளிரில் அது உட்சுவரில் வியர்த்து வடிந்து அடியில் தங்குகிறது. மழைநீரும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. டீசலும் நீரும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தம்ளரில் நாங்கள் கண்ட கரும்பாசி அதுதான். டீசலை உண்டு வாழும் பூஞ்சை இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னபோது, "அதுக்கும் விலைவாசி தெரியல போல" என்றார்.

பம்பைக் கழற்றிச் செங்கல்பட்டில் உள்ள ஒரு டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுசென்றோம். கடையென்றால் இருபதடி அறை. உள்ளே செருப்புக்கு அனுமதியில்லை, மின்விசிறியும் கிடையாது. தூசு பறக்கக்கூடாது என்பதற்காக வியர்வையில் நனைந்தபடியே வேலை செய்கிறார்கள். முதல் நாள் கடைக்காரரிடம், பல்கலைக்கழகக் கலைச்சொல் அகராதியை நம்பி, "உட்செலுத்தியைச் சோதிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, "ஊசி போடுறது எதிர்க்க ஆஸ்பத்திரில சார்" என்றார். அதன்பின் நாசில் என்றே சொன்னோம்.

நடுவில் நின்றது சோதனை மேடை. பம்பை அதில் ஏற்றி மோட்டாரால் சுழற்ற, நான்கு கண்ணாடிக் குழல்களில் டீசல் போன்ற சோதனை எண்ணெய் நிரம்புகிறது. முதல் ஓட்டத்தில் நான்கு குழல்களும் நான்கு உயரத்தில் நின்றன. மூன்றாம் குழல் கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்திருந்தது. வண்டி குலுங்கியதும், கருப்புப் புகை கக்கியதும் இதனால்தான் என்று விளக்கினார். ஒன்று குறைவாகக் கொடுத்தால் ஓட்டுபவர் அக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பார். மற்ற மூன்றும் அளவுக்கு மேல் கொடுக்கும். எரியாத எச்சம் புகையாகும். புகைச் சோதனையின் அளவை 'ஹார்ட்ரிட்ஜ்' என்பார்கள். எங்கள் வண்டியின் தலைமுறைக்கு 65 வரை அனுமதி. பம்புகளைச் சோதிக்கும் மேடைகளைச் செய்து பெயர்பெற்ற ஆங்கில நிறுவனத்தின் பெயரே ஹார்ட்ரிட்ஜ் என்பதை அவர்தாம் எங்களுக்குச் சொன்னார். நோயை அளக்கும் கோலும் மருந்து தரும் மேடையும் ஒரே குடும்பம்.

நான்கு எலிமெண்ட்டுகளையும் டெலிவரி வால்வுகளையும் நாசில்களையும் மாற்றி, ரப்பர் வளையங்களைப் புதிதாக இட்டு, இரண்டாம் நாள் மாலை மீண்டும் மேடையேற்றினார். குழல்கள் நான்கும் ஒரே கோட்டில் நின்றன. திருகுகளில் கம்பி கோத்து ஈயமுத்திரை வைத்தார்.

அவருக்கு உதவியாளர் இல்லை. புதிய வண்டிகள் எல்லாம் காமன் ரெயில். 1,600 பார், 2,000 பார் அழுத்தம், கணினிக் கட்டுப்பாடு. அவற்றின் சோதனைக் கருவியை வாங்க அவரிடம் முதலில்லை. இன்லைன் பம்புகள் இப்போது ஜெனரேட்டர்களிலிருந்தும் பழைய டிராக்டர்களிலிருந்தும்தான் வருகின்றன என்றார். எங்கள் விவாதத்தில் நாங்கள் எவரும் எண்ணிப்பாராத பக்கம் இது. வேனை வைத்துக்கொள்வதா என்ற கேள்வியின் விடை எங்கள் கையில் மட்டும் இல்லை. இந்த இருபதடி அறை இன்னும் எத்தனையாண்டு திறந்திருக்கும் என்பதையும் பொறுத்தது. உதிரிப்பாகம் தட்டுப்பட்டால் வேறெங்காவது தேடலாம். மேடையில் நின்று குழலைக் கண்ணால் அளப்பவரை எங்கே தேடுவது?

வண்டியில் நாங்கள் செய்த மாற்றங்கள் சிலவே. டேங்கை இறக்கிக் கழுவினோம். இரண்டு கைப்பிடித் துரு வந்தது. உறிஞ்சுகுழாயின் அடிப்பகுதி அரித்திருந்ததால் புதிதாக வைத்தோம். ரப்பர்க் குழாய்களை, தாவர எண்ணெய் கலந்த டீசலையும் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர்க் குழாய்களாக மாற்றினோம். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே, அடியில் வடிகுழாயும் தெளிந்த கிண்ணமும் உள்ள நீர்பிரிப்பான் ஒன்றைச் சேர்த்தோம். வேனுக்கு நாங்கள் செய்த ஒரே 'முன்னேற்றம்' அது. டேங்குக்குத் திரும்பும் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற குழாயை இட்டிருக்கிறோம்; காற்றுக்குமிழி ஓடினால் அங்கே தெரியும்.

மின்சாரப் பம்ப் வேண்டாமென்று முடிவு செய்தோம். இயந்திர ஃபீட் பம்ப் நன்றாக இருக்கும்போது மின்சாரத்தைச் சேர்ப்பது, பழுதாகக்கூடிய இன்னொரு பொருளைச் சேர்ப்பதாகும். இதில் பழைய பாவமும் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாங்களே ஆர்வக்கோளாறால் ஃபீட் பம்புக்கு முன்னால் பெட்ரோல் வண்டிக்குரிய சிறிய பிளாஸ்டிக் ஃபில்டரைச் செருகி, இணைப்புகளில் வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுற்றியிருந்தோம். அந்த நாடாவின் இழைகளைக் கடைக்காரர் டெலிவரி வால்வின் வாயிலிருந்து இடுக்கியால் எடுத்து எங்கள் முன் வரிசையாக வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது இணைப்புகளில் செப்பு வாஷர் மட்டுமே. கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிது.

புகைச் சோதனையில் வண்டி தேறியது. அதற்காக அதைத் தூய வண்டி என்று சொல்ல மாட்டோம். எத்தனை முறை பம்பைச் சீர்செய்தாலும் முப்பதாண்டு முந்தைய எஞ்சின் இன்றைய எஞ்சினாகிவிடாது. அதன் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி எதுவும் அதில் இல்லை. ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்பதே எங்கள் சமாதானம். குழுவில் ஒருவர் அதை இன்னும் ஏற்கவில்லை. அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

இந்த ஐப்பசிக்கு முன் டேங்கை விளிம்புவரை நிரப்பி, மூடிக்குப் புதிய வளையம் இட்டு நிறுத்தினோம். மாதம் ஒருமுறை நீர்பிரிப்பானைத் திறந்து பார்க்கும் முறை, குழுவில் அகரவரிசைப்படி ஆளுக்கொரு மாதம். கார்த்திகையில் அரைக் கரண்டி அளவு தண்ணீர் வந்தது. மார்கழியில் சில துளிகள். தை இரண்டாம் ஞாயிறன்று சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குப் புறப்படுகிறோம். அண்ணன் வருகிறார். இருக்கைக்கு அடியில் ஒரு புதிய ஃபில்டரும் எட்டுச் செப்பு வாஷர்களும் இருக்கின்றன; கண்ணாடித் தம்ளரும்.